உழைத்துத் தடித்த குடும்பம்

எங்கள் அப்பாவின் உள்ளங்கையைப் பார்த்தவர்கள் உடனே அவரை மதிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மஞ்சள் பாய்ந்து, தடித்து, ஓரங்களில் வெடித்த கை. மாம்பலம் ஸ்டேஷனில் ஒருவர், "உழைச்ச கை, உக்காருங்க பெரியவரே" என்று எழுந்து இடம் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்பாவும் கூச்சமில்லாமல் உட்கார்ந்துகொண்டார். அவர் பார்த்தது தபால் ஆபீசில் நாற்காலி வேலை. வீட்டில் குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைத்தவரில்லை.

எங்கள் குடும்பத்தில் இது வியாதி கிடையாது. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அப்பாவுக்குத் தபாலில் சீல் குத்திக் குத்தி வந்தது. அவர் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, துணி துவைத்து வந்தது. வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த பிறகும் அது துணி துவைத்தே வந்துகொண்டிருந்தது. என் அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் மவுஸ் பிடித்து வந்தது. மவுஸே பிடிக்காத இடது கையைப் பற்றிக் கேட்டால் அவனுக்குக் கோபம் வரும். எனக்குச் சின்ன வயதில் ஸ்கிப்பிங் ஆடி வந்ததாம். ஆடியதாக எனக்கு நினைவே இல்லை. மார்கழியில் பாதம் வெடித்து ரத்தம் கசியும்போது மட்டும் யாரும் காரணம் பேச மாட்டோம்.

நான் கர்ப்பமாக இருந்தபோது, நாடி பார்க்கக் கையைப் பிடித்த மருத்துவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடையாறில் இருந்த ஒரு மரபணு மருத்துவரிடம் அனுப்பினார். குழந்தைக்கு வருமா என்று சொல்ல, குடும்பத்தில் யார் யாருக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டும், முடிந்தவர்களை அழைத்து வாருங்கள் என்றார் அந்த மரபணு மருத்துவர். எனக்கு வேண்டியது அந்தப் பதில்தான். என் பிள்ளையும் என்னைப் போலவே பள்ளிக்கூடத்தில் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்குமா என்பதுதான் என் பயம்.

எங்கள் வீட்டில் அதைக் கல்யாண அழைப்பாக எடுத்துக்கொண்டார்கள். வேன் பிடித்தோம். அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தூக்கு நிறையப் புளிசாதத்துடன் வந்தாள். ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று அவள் விரட்டியதில், கிளினிக் திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்து, வாசலில் உட்கார்ந்து புளிசாதத்தைத் தின்று முடித்தோம்.

டாக்டர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. எல்லோரையும் கையை நீட்டச் சொன்னார். மேசைமேல் வரிசையாக நீண்ட கைகள் ஒரே கடையில் எடுத்தவை போல இருந்தன.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். சீல் குத்தி வந்தது" என்றார் அப்பா.

"செருப்பக் கழட்டுங்க."

அப்பா கழற்றினார். பாதத்திலும் அதே மஞ்சள், அதே தடிப்பு.

"கால்லயுமா சார் சீல் குத்துனீங்க?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "நின்னுக்கினே குத்துவேன் சார்" என்றார்.

டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். தோலுக்கு உறுதி தரும் கெரட்டின் என்ற புரதத்துக்கு ஒரு மரபணு உண்டு. அதில் ஒரு சின்னப் பிசகு. அது தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"பாதின்னா ஒரு கையில மட்டுமா டாக்டர்?" என்று கேட்டாள் அத்தை.

"இல்லம்மா. வந்தா முழுசா வரும். இல்லன்னா வரவே வராது."

"அப்ப எங்க அண்ணனாலதான் இவளுக்கு வந்துச்சுன்றீங்களா?"

டாக்டர் ஆமோதித்துத் தலையசைத்தார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "சின்னப் பையன், இவனுக்கு இன்னா தெரியும்" என்று முணுமுணுத்தபடி வெளியே போய்விட்டார். வேன் நந்தனம் சிக்னலில் வெகுநேரம் நின்றபோதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

பெண் பிறந்தாள். அப்பா தினமும் காலையில் வருவார். கொஞ்ச மாட்டார். நேராகப் பாதத்தைப் புரட்டிப் பார்த்து, "ரோஸ் கலர்லதான் கீது" என்று அறிவித்துவிட்டுக் காபி குடிக்க உட்காருவார். சில மாதங்கள் இப்படியே போயின.

ஒரு நாள் அவர் ஒன்றும் அறிவிக்கவில்லை. அவர் விரல் நுனிக்கு எதுவும் சரியாகத் தெரியாது என்பதால், குழந்தையின் குதிகாலைப் புறங்கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் ஓடத் தொடங்கியிருந்தது.

"இது இன்னும் ஒரு அடிகூட நடக்கலியேம்மா" என்றார்.

அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வராதா என்றுதான் இத்தனை காலம் காத்திருந்தேன். வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"தொட்டில் துணி உரசியிருக்கும்ப்பா. புதுத் துணி, கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகல" என்றேன்.

"துணி இன்னாம்மா பண்ணும்" என்றார் அப்பா. "என்னாண்டேர்ந்துதான் வந்துகீது."