எடுப்பவர் தோற்கும் விளையாட்டு

மகளின் பள்ளிக்கூடத்தில் உப அதிபர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். என் பிள்ளை இனிமேல் சூதாட்டச் சாமான் கொண்டுவர மாட்டாள், மன்னிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாவிட்டால் அவள் வகுப்புக்குப் போக முடியாது.

அந்தச் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கண்டி டவுனில் நடைபாதைக் கடையொன்றில் நான் வாங்கிக் கொடுத்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் பெட்டி. உள்ளே புளியங்கொட்டை போல வழுவழுப்பாக இருபது காந்தக் கற்கள், ஒரு கயிறு. கயிற்றை மேசையில் வட்டமாக வைத்து, ஆளுக்குப் பாதிக் கற்களைப் பிரித்துக்கொண்டு, மாறி மாறி வட்டத்துக்குள் வைக்க வேண்டும். இடம் பார்த்து வைக்காவிட்டால் கல் துள்ளி மற்றதோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதையெல்லாம் கடைசியாக வைத்தவரே எடுத்துக்கொள்ள வேண்டும். யார் கை முதலில் காலியாகிறதோ அவருக்கு வெற்றி. நீங்களும் விளையாடிப் பாருங்கள், மூளை நன்றாக வேலை செய்யும். என் மகளிடம் நான் தோற்காத நாள் குறைவு.

இடைவேளையில் ஒரு பிள்ளை கற்களை அள்ளியதையும் மற்றவர்கள் கத்தியதையும் ஒரு டீச்சர் பார்த்திருக்கிறார். அள்ளினால் பந்தயம்தான் என்று முடிவு கட்டிவிட்டார். பெட்டியின் மூடியில் மகள் தன் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் எழுதியிருந்தாள். உப அதிபர் ஊரை மட்டும் சத்தமாக வாசித்தார்.

"மஹய்யாவயா? அங்க இதெல்லாம் சகஜம்தானே."

துப்புரவுத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் பக்கத்தில் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது பலர் வேறு விலாசம் எழுதுவார்கள். நானும் ஒருமுறை கட்டுகஸ்தோட்டை என்று எழுதியவன்தான். மகளோ மறைக்கவில்லை. கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பேனாவைத் தொட மனம் வரவில்லை. ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள், பிறகும் சூது என்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

அவர் ஒரு கல்லைத் தன் மேசையில் வைத்தார். இரும்பு மேசை. கல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. இதில் ஏலாது, தரையில் உட்கார்ந்து காட்டுங்கள் என்றார்.

நான் மாநகரசபை வேலை உடுப்போடு வந்திருந்தேன். விடியற்காலையிலிருந்து தெரு கூட்டிவிட்டு நேரே வந்தவன்.

"தரையில உக்கார மாட்டோம் சேர். பலகை மேசை ஒண்ணு காட்டுங்க."

அவர் எழுந்து, பலகை மேசை இருந்த வாசிகசாலைக்கு எங்களைக் கூட்டிப்போனார். அவருக்கு எதிர்க் கதிரையில் நான் மகளை உட்கார வைத்தேன். நாலாவது சுற்றில் அவர் வைத்த கல் துள்ளி, ஐந்து கற்கள் சேர்ந்து ஒட்டின.

"அம்புட்டும் உங்களுக்குத்தான் சேர்," என்றாள் மகள்.

"அப்ப நான்தானே ஜெயிச்சேன்?"

"இல்ல சேர். எடுத்தா தோல்வி."

அவர் கை நிறையக் கற்களோடு என்னைப் பார்த்தார். எடுப்பவர் தோற்கிற சூது எந்த ஊரில் இருக்கிறது சேர் என்று கேட்டேன். அவர் கற்களைப் பெட்டிக்குள் போட்டார். ஆனாலும் ஃபைலுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்தில் எழுதினேன்: "இது விளையாட்டு. வாங்கிக் கொடுத்தது நான்." கீழே கையெழுத்து, விலாசம். மன்னிப்பு என்ற சொல் இல்லை. அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, விலாசம் தேவையில்லையே என்றார்.

"இருக்கட்டும் சேர்," என்றேன்.

மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.