பஸ்ஸுக்குள் ஒரு போட்மாலா

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குச் சர்க்கரை வரும், கொழுப்பு வரும், சிலருக்குத் தத்துவம் வரும். எனக்கு பஸ் வந்தது.

பம்பாயில் செம்பூர் பக்கம் மூடிப்போன ஒரு தொழிற்சாலை தன் ஆட்களை ஏற்றி இறக்கிய பழைய வண்டி அது. கோவண்டியில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைபடும் நாளுக்காகக் காத்து நின்றது. டயர்களில் காற்று இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. கடைக்காரர் எஞ்சினின் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போனார். நான் எஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. வெளியேறும் வழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல்கள், பின்னால் அவசர வழிக் கண்ணாடி, கூரையில் திறக்கும் மூடி ஒன்று, பயணிகள் ஏறும் கதவு, ஓட்டுநருக்குத் தனிக் கதவு. நெருப்புப் பிடித்தால் எந்த வழியாகக் குதிப்பது என்று யோசித்தே ஒருவன் கருகிப்போகலாம், அத்தனை வழி. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு மூடிய இடம் ஆகாது. ஏழாவது மாடி ஆபீசுக்கு வருஷக்கணக்காகப் படியேறிப் போனேன். இதயத்துக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன். அதை நம்பி என்னோடு ஏறிய ஒருவருக்கு மூட்டு தேய்ந்துபோனது. லோக்கல் ரயிலில் எப்போதும் வாசலில்தான் தொங்குவேன். பார்த்தவர்கள் துணிச்சல்காரன் என்றார்கள். உள்ளே போய் நிற்கப் பயந்து உயிரைக் கம்பியில் தொங்கவிட்ட துணிச்சல்காரன் பம்பாயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விமானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கதவையும் சாத்திவிட்டு இடுப்பில் பெல்ட்டையும் கட்டச் சொல்கிறார்களாம்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னதில்லை. வெளியூர் என்று அவள் வாயெடுத்தால் ஒரு ஜோக் அடிப்பேன். அவள் அக்கா மகள் கல்யாணத்துக்கு மதுரைக்கு ரயில் ஏறச் சொன்னபோது, "அந்த வெயில்ல நான் வத்தலாயிருவேன்" என்றேன். காஷ்மீர் என்றபோது, "ஐஸ்தானே, இங்கயே வாங்கித் தாரேன்" என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். அதற்கும் பிறகு கேட்பதை நிறுத்தினாள்.

இந்த வருஷம், கோயிலில் பழக்கமான மாட்டுங்கா பெண்கள் சேர்ந்து ராஜஸ்தானுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். தானும் போவதாகச் சொன்னாள்.

"நீங்க வீட்ல இருங்க. ரிமோட்டு முழுக்க உங்களுக்குத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். இந்தச் சுற்றுலா நன்றாக இருந்தால் அடுத்தது வரும், அதற்கடுத்தது வரும். செம்பூரில் எங்கள் ஒற்றை அறையில் நான் தனியாக ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கும் காட்சி கண்ணில் வந்தது. வீடே லிஃப்டாகச் சுருங்கிவிட்டது போல மூச்சு முட்டியது. அந்த வாரம்தான் கோவண்டிக்குப் போனேன். சக்கரத்தில் ஒரு வீடு, உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ், இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்தலாம் என்று அவளிடம் அளந்தேன். கதவு என் கையில் இருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"சரி, முடிங்க. பேர் குடுக்குறதுக்கு முன்னாடி வந்து பாக்கேன். நல்லா இருந்தா அவங்களோட போகல" என்றாள்.

தாராவியில் தோல் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு உயிர் கொடுத்தார். கிளட்ச் பிளேட்டை மாற்றினார். உடனே ரேடியேட்டர் படுத்துக்கொண்டது. ரேடியேட்டரைப் பற்றவைத்தார், அதுவரை நல்ல பிள்ளையாக எஞ்சினைக் கிளப்பிய செல்ஃப் மோட்டார் பொறாமையில் செத்துப்போனது. கடைசியில் வண்டி யாரும் தள்ளாமலே ஓடி அடுத்த பட்டறை வாசலுக்குப் போய் நின்றது. அங்கேதான் மரவேலை.

மரவேலைக்காரர் தாராவியில் பிறந்தவர்தான், ஆனால் பேச்சு இன்னும் நாங்குநேரியை விட்டுக் கிளம்பவில்லை. அவர் கைபடாத வீடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. பஸ்ஸை மட்டும் அதுவரை தொட்டதில்லை. கட்டில், அடுப்பு, கக்கூஸ், போதும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். வேலை நடக்கும்போது கிட்டப் போய்ப் பார்த்திருக்கவேண்டும். பட்டறைச் சுவரை ஒட்டி, சந்தில் பாதியை அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. மழைக்கு மேலே நீலத் தார்ப்பாய் வேறு மூடியிருந்தார்கள். பார்த்தாலே எனக்கு நெஞ்சை அடைக்கும். சந்து முனையில் நின்று, "பிரமாதம்!" என்று கத்திவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

அவள் பார்க்க வந்த நாள் மழை விட்டிருந்தது. பார்த்துவிட்டு அப்படியே மாட்டுங்காவுக்குப் போய், பேர் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்லவேண்டிய நாள். மதியச் சாப்பாடு முடிந்து வந்தாள். மரவேலைக்காரர் கதவைத் திறந்து, "வாங்க மைனி, வலது காலை வச்சு ஏறுங்க" என்றார்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு உச்சந்தலையில் இடித்தது. தலைக்கு மேல் பலகை.

தாராவியில் இருக்கிற ஒரே அறையை இரண்டாக்க, தலைக்கு மேல் பலகை அடித்து ஏணி வைப்பார்கள். கீழே குடும்பம், மேலே இன்னொரு குடும்பம். அதற்குப் போட்மாலா என்று பெயர். என் பஸ்ஸின் முன்னிருந்து பின்வரை போட்மாலா போட்டிருந்தார். படுத்தால் மூக்கு கூரையில் உரசும்.

"பத்துப் பேர் தாராளமா படுக்கலாம் அண்ணாச்சி."

"நாங்க ரெண்டு பேருதானே?"

"இன்னைக்கு ரெண்டு. நாளைக்கு மேல வாடகைக்கு விடலாம்லா."

"ஓடுத வண்டியிலயா?"

"அதுதான் நல்லது. வாடகை குடுக்காம எவனும் இறங்கி ஓடிர முடியாது."

மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கிரில் பற்றவைத்திருந்தார். ஓட்டுநர் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. கூரை மூடியின் மேல் தண்ணீர்த் தொட்டி. பின்கண்ணாடிக்கும் கிரில், அதன் முன்னால் அடுப்பு மேடை, அலமாரி, சிலிண்டர். கோவண்டியில் நான் ஆசையாகப் பார்த்துவைத்த ஒவ்வொரு வழியையும் தேடிப் பிடித்து அடைத்திருந்தார். மிச்சம் அந்த ஒரு கதவு.

"இருங்க, டீ சொல்லிட்டு வாரேன்" என்று அவர் இறங்கிப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஒரு டெம்போ பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது. பழைய பிளாஸ்டிக் மூட்டைகளைக் கூரைக்கு மேலே ஏற்றிய டெம்போ. சந்துக்குள் வந்து, எங்கள் கதவோடு கன்னம் உரசி நின்றது. உள்ளே இருந்த வெளிச்சம் போய்விட்டது. கதவைத் தள்ளினேன். விரலளவு நகர்ந்து மூட்டையில் முட்டியது. கத்தினேன். டெம்போக்காரன் இறங்கி எங்கோ போய்விட்டிருந்தான். மறுபக்கம் பட்டறைச் சுவர்.

"பாத்தியா, கர்ட்டன் செலவு மிச்சம்" என்றேன்.

அவளும் கதவைத் தள்ளிப் பார்த்தாள். இன்னொரு ஜோக் சொன்னேன். அது என்னவென்று இப்போது நினைவில்லை. அப்போதும் முடிவு நினைவுக்கு வராமல் பாதியில் நின்றது. சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். பிறகு பனியனையும் கழற்றினேன். அப்புறமும் காற்று போதவில்லை என்று தோன்றியதால் புதிதாக வைத்திருந்த ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டேன். அடைபட்ட இடத்துக்குப் பயந்தவன் அதைவிடச் சின்ன இடத்துக்குள் தலையை நுழைத்தது மருத்துவ உலகுக்குப் புதிது. அந்த ஃபிரிட்ஜுக்கு இன்னும் கரண்ட்டும் கொடுத்திருக்கவில்லை.

"என்ன செய்யுதீங்க?"

"காத்து வாங்குதேன்."

"ஃபிரிட்ஜுலயா?"

கிட்ட வந்து என் தலையை வெளியே இழுத்தாள். அந்த மங்கலில் என் முகத்தைப் பார்த்தாள். கைகளைப் பிடித்துக்கொண்டு என்னைத் தரையில் உட்காரவைத்தாள்.

"எப்ப இருந்து?"

"டெம்போ வந்ததுல இருந்து."

"அதைக் கேக்கல."

அவளே ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மதுரை கல்யாணம்?"

"ம்."

"அக்கா வீட்டு கிரகப்பிரவேசம்?"

"ம்."

"காஷ்மீர்?"

"காஷ்மீர்ல நிஜமாவே குளிருமாம்."

சிரிக்கவில்லை. என் கையையும் விடவில்லை. "நான் உங்களைக் கஞ்சன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன். எங்க அம்மாகிட்ட வரை சொல்லிட்டேன்."

"அதுவும் உண்மைதான்."

அதற்குத்தான் சிரித்தாள், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. அவள் சிரிக்கும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, நிறுத்தியதும் போய்விட்டது.

பின்கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. மரவேலைக்காரர். அலமாரி இடுக்கு வழியாக, கையில் மூன்று டீயோடு தெரிந்தார். டெம்போக்காரன் சாவியோடு எங்கோ சாப்பிடப் போய்விட்டதாகவும் ஆள் அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்.

"அதுவரை தாங்காது தம்பி. கிரில்லை அறுங்க" என்றாள்.

"மைனி, புதுக் கிரில்லு! இன்னும் பெயின்ட்கூட காயல."

"இவரு போயிட்டா கிரில்லை வச்சு என்ன செய்ய?"

அவர் ஒரு கணம் இரண்டையும் எடைபோட்டது போலத்தான் இருந்தது. பிறகு டீயைக் கீழே வைத்தார். "அப்ப முதல்ல சிலிண்டரை அந்தப் பக்கம் தள்ளிருங்க. தீப்பொறி பறக்கும்."

என் உடம்பில் மிச்சமிருந்த தெம்பும் அந்தச் சொல்லோடு போய்விட்டது. அடைபட்டுச் சாவதா வெடித்துச் சாவதா என்று நான் யோசிப்பதற்குள், அவள் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை உருட்டிக்கொண்டு முன்பக்கத் தடுப்பு வரை போய்விட்டாள். திரும்பி வந்து அலமாரியை அசைத்துப் பார்த்தாள். ஆணியும் பசையுமாக இறுக்கி அடித்திருந்தார்.

"படுத்துக்கிட்டு மிதிங்க. பயத்தை எல்லாம் கால்ல இறக்குங்க."

மிதித்தேன். வாழ்க்கையில் நான் முழு மனதோடு செய்த வேலை அது ஒன்றுதான்.

"அண்ணாச்சி, மெதுவா! அது தேக்கு!" என்று வெளியிலிருந்து அலறல்.

"தேக்கா? பிளைவுட்டுன்னுல்லா சொன்னீய?"

"மேல ஒட்டினது தேக்கு!"

ஒட்டினதும் ஒட்டாததும் சேர்ந்து உடைந்தது. கண்ணாடியைக் கழற்றினார். இரும்பு அறுக்கும் கிரைண்டர் கத்தியது. பொறிகள் உள்ளே வந்து விழுந்தன. நாங்கள் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிரில் கீழே விழுந்த சத்தம் கேட்டதும் பெண்ணை முதலில் அனுப்பவேண்டும் என்ற பண்பாடு என் மூளைக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் கால்கள் வெளியே போயிருந்தன.

இடுப்பு வரை போனேன். தொப்பை சட்டத்தில் மாட்டிக்கொண்டது. எதிர்க் கடையில் பிளாஸ்டிக் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஏ, பிள்ளை பொறக்குத மாதிரில்லா இருக்கு!"

"காலு முதல்ல வருதுட்டீ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!"

பிறந்தேன். மேலே பனியன்கூட இல்லாமல், சந்தின் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்தேன். அவள் அந்த வழியாக வரவில்லை. டெம்போக்காரன் பல் குத்திக்கொண்டே திரும்பி வந்து, "பாஞ்ச் மினிட் கே லியே தோ கயா தா", அஞ்சு நிமிஷம்தானே போனேன் என்று எல்லோரையும் கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். அப்புறம் கதவைத் திறந்து, நிறுத்தம் வந்து இறங்கும் பயணி போல இறங்கினாள்.

"தம்பி, மேல இருக்கிறது முழுக்கப் பிரிச்சிருங்க. கிரில்லும் வேண்டாம். தடுப்பும் வேண்டாம்."

"திருடன் வந்தா என்ன செய்வீய மைனி?"

"வரட்டும். இவரு வெளிய போற அவசரத்துல அவனால உள்ள வரமுடியாது."

பிறகு என் சட்டையை நீட்டினாள். "நான் மாட்டுங்காவுக்குப் போறேன். பேர் குடுக்கப் போறேன்."

எனக்கு மறுபடி மூச்சு முட்டியது. இந்த முறை திறந்த வெளியில். "அப்ப பஸ்ஸு?"

"பஸ்ஸு எங்க போகும்? நான் ராஜஸ்தான் பாத்துட்டு வாரேன். பெறவு இதுல போவோம். ஆனா ஒண்ணு. ரோட்டோரம் நிக்கிற வண்டியில கதவைப் பூட்டாம எனக்குத் தூக்கம் வராது. நான் வாரதுக்குள்ள பழகி வையுங்க."

போய்விட்டாள்.

போட்மாலா பிரிந்தது. அதே சந்தில் ஒரு குடும்பம் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது. அங்கே அது ராசியாக இருக்கிறதாம். ஜன்னல்களுக்கு மறுபடி வானம் வந்தது. பின்கண்ணாடிக்கு ஒரு கொக்கி வைத்தோம், உள்ளிருந்து தட்டினால் திறந்துகொள்ளும்.

சாயங்காலம் தோறும் நான் பஸ்ஸில் போய் உட்கார்ந்ததும் ராஜஸ்தானிலிருந்து அவள் போன் செய்கிறாள். "கதவை மூடியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. மூடுகிறேன். அவள் அன்றைய கதையைச் சொல்கிறாள். அவர்கள் போகும் ஏசி பஸ்ஸில் ஜன்னலே திறக்காதாம், நல்லவேளை நான் வரவில்லையாம். கேட்டபோதே எனக்கு வியர்த்தது. முதல் நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். கதையில் அவள் ஒட்டகத்தில் ஏறியதோடு கதவைத் திறந்துவிட்டேன். அடுத்த நாள் அதே கதையில் ஒட்டகம் எழுந்திருக்கும் வரை தாங்கினேன். அதற்கடுத்து கையை எடுத்துவிட்டே உட்கார்ந்தேன். சப்பாத்தி சரியில்லை என்று மாட்டுங்கா பெண்கள் போட்ட சண்டை முழுவதையும் கேட்டு முடித்தேன்.

நேற்று அவள் ஏதோ கோட்டையைப் பற்றி ஆரம்பித்தபோது, வெளியே டெம்போ பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது. அதே டெம்போ, அதே மூட்டைகள். கதவோடு ஒட்டி நின்றது. உள்ளே பாதி இருட்டாயிற்று. பின்கண்ணாடிக் கொக்கியைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று திரும்பி உட்கார்ந்தேன். மறுபடி பார்த்தேன்.

"என்னங்க அது சத்தம்?"

"பக்கத்துல ஒரு வண்டி வந்து நிக்குது."

எவ்வளவு பக்கத்தில் என்று அவள் கேட்கவில்லை. என் சட்டையின் மேல் பொத்தான் எப்போது கழன்றது என்று தெரியவில்லை.

"நீ கோட்டையைச் சொல்லு" என்றேன். "மெதுவாவே சொல்லு. அவன் சாப்பிட்டுட்டுத்தான் வருவான்."