ஆப்பிள் போட்ட பருப்புக் கூட்டு

சிதம்பரத்தில் மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கடலூர் வீட்டுக்குத் திரும்பியபோது, எங்களோடு பதினேழு ஆப்பிள்களும் வந்தன. எங்கள் சர்ச் ஆட்கள், சொந்தக்காரர்கள் என்று பார்க்க வந்தவர்களெல்லாம் அதைத்தான் வாங்கி வந்திருந்தார்கள். அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இனிப்பென்றாலே குமட்டியது. கஞ்சியும் பாதியில் நின்றது.

நான்காம் நாள், ஆப்பிளைச் சமைத்தால் என்ன என்று தோன்றியது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நான் அடுப்பில் வைத்தது வெந்நீரும் டீயும்தான். தோல் சீவிய ஆப்பிளைப் பாசிப்பருப்போடு குக்கரில் போட்டு நான்கு விசில் விட்டேன். திறந்தால் எல்லாம் கூழாகிக் கிடந்தது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணுக்கு போன் செய்தேன்.

"தோல எதுக்கு சார் சீவுனீங்க? நார்ச்சத்து அதுலதான் ஜாஸ்தி. வெந்நீர்ல நல்லா கழுவிட்டு அப்படியே போடுங்க. ரொம்ப வெந்தா வைட்டமின் போயிடும். பருப்பு வெந்தப்புறம் போட்டு மூடுங்க, அஞ்சு நிமிஷம் போதும். தண்ணிய வடிச்சுக் கொட்டிடாதீங்க."

அன்று சாயங்காலம் நான் கத்தியை எடுத்ததும், மனைவி மெல்லச் சுவரைப் பிடித்தபடி வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்பவே நறுக்காதீங்க, கறுத்துப் போவும். பருப்பு வேவட்டும்."

"வேற என்ன போடணும்?"

"இஞ்சி, சீரகம், கொஞ்சம் மிளகு. எறக்குனப்புறம் எலுமிச்சம்பழம் பிழிங்க. எனக்குப் புளிப்பு இருந்தாத்தான் சோறு எறங்கும்."

நான் அவளைப் பார்த்தேன். என் அல்சருக்காக எங்கள் வீட்டுக் குழம்பில் புளி எப்போதும் பெயருக்குத்தான் இருக்கும். அவளுக்கும் அதுதான் பிடிக்கும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"ஏன் சொல்லல?"

"சாப்பாட்டுல போயி என்ன சொல்றது," என்றாள்.

இந்த முறை துண்டுகள் சிவப்புத் தோலோடு உடையாமல் நின்றன. குழைந்த சோற்றில் பிசைந்து தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்டாள். பரிமாறினேன்.

அவள் நடமாடத் தொடங்கிய பிறகும் ராத்திரிச் சமையல் என்னுடையதாகவே இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன், என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்கிறேன். சில நாட்களில் அவளுக்கு உடனே சொல்லத் தெரிவதில்லை. கொஞ்ச நேரம் யோசித்துத்தான் சொல்கிறாள்.