சங்கு ஊதினால் கொள்ளு

கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் பல வருடம் ஃபிட்டராக இருந்தவனுக்குக் கடிகாரம் தேவைப்படாது. சங்கு போதும். சங்கு ஊதினால் டீ, சங்கு ஊதினால் சோறு, சங்கு ஊதினால் வீட்டுக்குப் பஸ். வேலையை விட்டு, தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள, பிள்ளைகளுக்கான கிறிஸ்தவ முகாமில் பராமரிப்பு ஆளாகச் சேர்ந்த பிறகும் என் வயிறு அந்தச் சங்குக்கே கட்டுப்பட்டது. முகாமில் நான்கு குதிரைகள். லாயத்துக்காரர் ஊருக்குப் போனபோது அவற்றுக்குக் கொள்ளு வைக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. மத்தியானச் சங்கு ஊதியதும் வைப்பேன். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

லாயத்துக்காரர் திரும்பி வரவில்லை. அந்த இடத்துக்கு நான் ஆசைப்பட்டேன். அதுவரை என் ராஜ்ஜியம் அடைத்த கக்கூஸும் ஒழுகும் குழாயும். என் மனைவியோ வேலை கிடைக்கும் முன்பே, நான் குதிரைகளுக்கு ஆபீசர் என்று தெருவில் சொல்லிவிட்டாள். குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் சிஸ்டர் ஒரு பரீட்சை வைத்தார். முகாமின் கடைசி நாள், பெற்றோர் முன்னிலையில், பிள்ளைகளை ஏற்றி மைதானத்தை ஒரு சுற்று நடத்திக் காட்ட வேண்டும்.

"பிரதர், நீங்க பயந்தா குதிரைக்குத் தெரிஞ்சிடும். இன்னா ஆனாலும் கயித்த வுடாதீங்க. வுட்டா மறுபடி கக்கூஸ்தான்."

காலை பதினொரு மணி. நான்கு பிள்ளைகள் ஹெல்மெட்டோடு மேலே. கிழட்டுப் பெண்குதிரையின் கயிறு என் கையில். மற்ற மூன்றும் அதன் வாலைப் பார்த்து நடக்கும். கடைசியில் சிஸ்டர். அரைச் சுற்று வரை நான் ஆபீசராகத்தான் இருந்தேன்.

அப்போது கம்பெனியில் சங்கு ஊதியது. தீயணைப்பு ஒத்திகையாம். அந்த விவரம் குதிரைகளுக்குப் போய்ச் சேரவில்லை. பெண்குதிரை லாயத்தின் பக்கம் திரும்பியது. மற்றவையும் திரும்பின.

கயிறு நழுவிவிட்டது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். நழுவவில்லை, விட்டேன். விட்டதோடு நிற்காமல் பக்கத்திலிருந்த இரும்பு கேட்டின்மேல் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. ஒரு செருப்பு கீழே கிடந்தது.

குதிரைகள் ஓடவில்லை. கேவலமே அதுதான். ஷிஃப்ட் ஆட்கள் கேண்டீனுக்குப் போவதுபோல வரிசையாக நடந்து போய்த் தொட்டிக்கு முன்னால் நின்றன. நானோ கேட்டின்மேலிருந்து உரக்க ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் வாயில் வந்தது சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபம். இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும், இதைச் சமைத்த கைகளையும் ஆசீர்வதியும் என்று முடிக்கும்போது, ஒரு வாரமாக அதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் நால்வரும் குதிரைமேலேயே கண்ணை மூடிக் கைகூப்பி, "ஆமென்" என்றார்கள்.

பெற்றோர் கைதட்டினார்கள். இங்கே குதிரைகூட ஜெபம் முடியும்வரை சாப்பாட்டில் வாய் வைக்காது என்று புரிந்துகொண்டார்கள். ஒரு அம்மா என்னையும் சேர்த்துப் படம் பிடித்தார்.

முன்குதிரையில் இருந்த சிறுமி மட்டும் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். "அங்கிள், இதுக்குப் பசிக்குது. எறங்கி வந்து போடுங்க."

பிள்ளைகள் இறங்கிய பிறகு நானும் இறங்கிப் போட்டேன். சிஸ்டர் செருப்பை எடுத்துவந்து என் காலடியில் வைத்தார்.

"சங்குக்குத் திரும்புதுங்களே, யார் பழக்குனது?"

"நான்தான் சிஸ்டர். தெரியாம பழக்கிட்டேன்."

அவர் தன் கழுத்தில் தொங்கிய விசிலைத் தூக்கிக் காட்டினார். "நான் ரெண்டு வருசமா இத ஊதிக்கினு இருக்கேன். ஒண்ணும் திரும்பல."

லாயம் எனக்குக் கிடைத்தது. கொள்ளு வைப்பதும் லத்தி அள்ளுவதும் என் பொறுப்பு. கயிற்றைத் தொடக் கூடாது. தீனி நேரத்தைத் தினமும் சிஸ்டர் மாற்றிச் சொல்வார். என் மனைவிக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை.

இப்போது சங்கு ஊதினால் குதிரைகள் காதை ஆட்டுவதோடு சரி. கிழட்டுப் பெண்குதிரை மட்டும் திரும்பி என்னைப் பார்க்கும். எனக்கு அந்நேரம் பசிக்கும் என்று அதற்குத் தெரியும்.