டைரியில் வைத்த பொட்டு

இது நடந்து ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போதும் மகள் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதமானால் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்கிவிடுகிறேன்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவளுடைய ஆங்கிலேய ஆசிரியையிடம் அவருடைய கொள்ளுத்தாத்தா எழுதிய டைரிகள் இருந்தன. தாள்கள் உதிரத் தொடங்கிவிட்டதால், ஊருக்குத் திரும்புமுன் அவற்றைப் படியெடுத்துக்கொள்ள விரும்பினார். என் மகளுக்கு நல்ல கையெழுத்து. சனிக்கிழமைதோறும் சாங்கிக்கு பஸ் ஏறிப் போய், ஆசிரியை வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டு வருவாள்.

அந்தக் கொள்ளுத்தாத்தா ஒன்றும் பெரிய மனிதர் இல்லை. போன நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏதோ ஒரு மூலையில் பெரியப்பா விட்டுப்போன நிலத்தை வைத்துப் பிழைத்தவர். இரண்டு முறை பார்லிமெண்டுக்குப் போனார். அத்தனை வருடத்தில் நான்கு தடவைதான் வாய் திறந்தார். அதில் ஒன்று, ஜன்னலைச் சாத்தச் சொல்லி. தன் வயல் வழியாக ரயில் வரக் கூடாது என்று மனு எழுதினார். ரயில் வந்த பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் வேண்டும் என்று இன்னொரு மனு எழுதினார். ரகசிய ஓட்டு வந்ததும் அவருடைய குத்தகைக்காரர்களே அவரைத் தோற்கடித்துவிட்டார்கள்.

இதெல்லாம் மகள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னவை.

"அப்பா, தோத்த அன்னைக்கு டைரியில என்ன எழுதியிருக்காரு தெரியுமா? 'இன்று மழை. பல் வலிக்கிறது.' அவ்வளவுதான் லா. பாவமா இல்ல?"

அந்த வாரம் எனக்கும் பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தேடி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கிராஞ்சி வரை நடந்தவன் நான். அதையும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"செத்து எழுபது வருசமான மனுசன்கூடப் போய் மல்லுக்கு நிக்கிறீங்களே," என்று மனைவி சிரித்தாள்.

ஆசிரியை ஊருக்குப் புறப்படும் வாரம் வந்தது. ஞாயிறு நண்பகலில் கப்பல். சாமான் கட்டும் அவசரத்தில் இருந்ததால், கடைசி டைரியைப் பழுப்புத் தாளில் சுற்றி, மகளை நம்பி வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார். சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. அன்று வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் சாமிக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைப்போம். மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை படிப்போ எழுத்தோ கிடையாது.

மகள் குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய மேசையிலிருந்து அந்தப் பொட்டலத்தையும் எடுத்து வந்தேன். மற்றப் புத்தகங்களுக்கெல்லாம் மேலட்டையில்தான் பொட்டு வைத்தேன். இதற்கு மட்டும் பழுப்புத் தாளைப் பிரித்தேன். பழைய தோல் அட்டை. அதன் நடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை விரலால் அழுத்தித் தேய்த்தேன். எண்ணெயில் குழைத்த குங்குமம். தோலில் இறங்கினால் போகாது என்று எனக்குத் தெரியும்.

மகள் வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்பா, இன்னும் ரெண்டு பக்கம் எழுதணும். நாளைக்குக் கப்பல்."

"இன்னைக்குப் பேனாவத் தொடக் கூடாது. தெரியாதா?"

"போன வருசம் பரீட்சைன்னு நீங்கதானே புக்க எடுத்துக் குடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"அது படிப்பு. இது ஊழியம்," என்றேன்.

ஞாயிறு விடிந்ததும் மகள் டைரியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் புறப்பட்டுப் போனாள்.

இரண்டு மணி ஆகியும் அவள் வரவில்லை. துறைமுகத்துக்கு ஓடினேன். கப்பல் போயிருந்தது. வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டேன். பாவாடை தாவணி போட்ட பெண் ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள், பிறகு பார்க்கவில்லை என்றார். கப்பலில் ஏறிவிட்டாளோ, தண்ணீரில் விழுந்துவிட்டாளோ என்று என்னென்னவோ நினைத்தேன். அந்தக் கரை முழுவதும் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து மணி. அவள் அடுப்படியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போன?"

"வீட்டுக்கு வரப் பிடிக்கல. அதான் மெதுவா நடந்தே வந்தேன்."

"மிஸ் பொட்டப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. யாரு வச்சதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"அப்பான்னு சொன்னா, தாளப் பிரிச்சு ஏன் வச்சாருன்னு கேப்பாங்க. அத நான் எப்படிச் சொல்றது?"

குரலில் கோபமே இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது அவளும் ஆசிரியை. வேலை முடிந்து வந்ததும் நேராக அம்மாவிடம் போவாள். பள்ளியில் நடந்ததைச் சொல்லி இருவரும் சிரிப்பது கூடத்துக்குக் கேட்கும். நான் எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றால், "காப்பி வேணுமாப்பா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். போட்டுக் கொடுப்பாள். நான் குடித்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பிய பிறகுதான் அவர்கள் மறுபடி பேசத் தொடங்குவார்கள்.