எந்த எண்ணெய்?

சில ஆண்டுகளுக்கு முன், திருவாரூருக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டு ஓரமாக நானும் என் கணவரும் டிபன் கடை நடத்திக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வயலில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்று ஊர் ஊராகப் போராட்டம் நடந்த நேரம். எங்கள் கடைக்கு நேர் எதிரில் பந்தல். இரண்டு கழகத்துக்காரர்களும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அங்கேதான். காலையில் இட்லி, சாயங்காலம் வடை, எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போகும்.

அப்போது எங்கள் ஊருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பேன்ட் போட்டவர் வரப்பில் நடந்தால் சர்வேயர். போனைத் தூக்கிப் படம் எடுத்தால் கம்பெனி ஆள். கொசு மருந்து அடிக்க வந்தவரைக்கூட நிறுத்திப் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. புது வண்டி ஏதாவது ரோட்டில் நின்றால் உடனே அதன் நம்பரைக் கடைச் சுவரில் கரியால் எழுதிவிடுவேன்.

இதற்கிடையில் பந்தலில் சிலருக்கு வாந்தி, வயிற்றெரிச்சல். பக்கத்து ஊரில் ஏற்கெனவே தோண்டிய கிணற்றால் தண்ணீர் கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. இளம் வயதுப் பெண் ஒருவர் இறங்கினார். கையில் நீளமான கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவி. நேராகப் பந்தலுக்குப் போய், "எண்ணெய் டெஸ்ட் பண்ண வந்திருக்கோம். இந்தப் பக்கம் எத்தனை இடம் இருக்குங்க?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், கூட்டம் வேனை வளைத்துக்கொண்டது. ஒருத்தர் டிரைவரிடமிருந்து சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பந்தலை நடத்தியவர் குத்தகைக்குப் பயிர் வைக்கும் ஒரு அண்ணன். கிணறு வந்தால் முதலில் போவது அவர் சாகுபடி செய்த வயல்தான். "கம்பிய எந்த வயல்ல குத்தப் போறீங்க, சொல்லுங்க" என்று முன்னால் வந்து நின்றார்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், "வயல்ல இல்லைங்க, வடைச்சட்டில" என்றார். தான் உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டினார். அட்டையை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஜல்லிக்கரண்டியும் கையுமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான், சாயம் வெளுத்துவிடும் என்ற தைரியத்தில், "அப்ப என் சட்டிலயே குத்திக் காட்டச் சொல்லுங்க" என்றேன்.

அவர் வந்தார். கொதிக்கிற எண்ணெயில் கம்பியை விட்டார். கொஞ்ச நேரத்தில் கருவி கீச்சென்று கத்தி, சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெய், சமையலுக்கு ஆகாது என்றார்.

அத்தனை பேர் பார்வையும் என் பக்கம் திரும்பியது. "ஏம்மா தங்கச்சி, எங்க வயித்தக் கலக்குனது உன் வடைதானா?" என்று அந்த அண்ணன் கேட்டார். அன்று மதியம்தான் புது டின் உடைத்தோம் என்று என் கணவர் சாமி மேல் சத்தியம் செய்தார். யார் காதிலும் விழவில்லை. கடித்த வடையை என் கண்ணெதிரிலேயே துப்பினார்கள். சாவியைப் பிடுங்கியவரே இப்போது, "கடைக்கு சீல் வைங்க மேடம்" என்றார். எங்களுக்கு இருந்த ஒரே பிழைப்பு அந்த அடுப்புதான். இனி யார் இங்கே சாப்பிடுவார்கள்?

சீல் வைக்கச் சொன்னதை அந்த அதிகாரி காதில் வாங்கவே இல்லை. "உடைக்காத டின் இருக்கா அக்கா?" என்று என்னிடம் கேட்டார். ஒன்று இருந்தது. அதை எல்லோர் முன்னாலும் உடைக்கச் சொன்னார். சின்ன வாணலி ஒன்றைத் தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, அந்த எண்ணெயை ஊற்றிச் சூடு பண்ணினார். கம்பியை விட்டதும் மறுபடியும் சிவப்பு.

"இவங்க மேல தப்பு இல்லைங்க. எங்கயோ பொரிச்சு முடிச்ச எண்ணெய வடிகட்டி, புதுசுன்னு டின்ல அடைச்சு வித்திருக்காங்க" என்றார். எங்கே வாங்கினோம் என்று விசாரித்து, இரண்டு டின்னிலிருந்தும் மாதிரி எடுத்துக்கொண்டார். வேறு இடத்தில் எண்ணெய் வாங்கிய பிறகு தன்னைக் கூப்பிடச் சொன்னார். வண்டிச் சாவி எப்போது டிரைவர் கைக்குத் திரும்பியது என்று யாருக்கும் தெரியாது.

கூப்பிட்டபோது சொன்னபடியே வந்தார். ஊர் பார்க்க மறுபடி சோதித்தார். பச்சை விளக்கு. முதல் வடையை அவரே எடுத்து, அடுப்படியில் நின்றபடியே ஊதி ஊதிச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் குத்தகைக்கார அண்ணன் வடைக்குக் கையை நீட்டினார். எண்ணெய் விற்ற கடையைப் பிறகு மூடிவிட்டதாகக் கேள்வி.

தன்னைத் திருடியைப் போல வளைத்துக்கொண்ட ஊரில், முதல் சிவப்பைப் பார்த்ததும் சீல் வைத்துவிட்டு அவர் போயிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். சந்தேகப்படுகிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் சந்தேகப்பட்டால் கடைசிவரை பார்த்துவிட வேண்டும், பாதியில் நிறுத்தியிருந்தால் அன்றைக்கு நான் தொலைந்திருப்பேன்.