அவசரக்குடுக்கையின் அடைக்கோழி

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் அவசரக்குடுக்கை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் "அவசரக்குடுக்கை தச்சர் வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். தொழிலில் குறை சொல்ல முடியாது. அவர் செய்த கதவு சத்தம் போடாமல் சாத்தும். மற்ற எல்லாவற்றிலும்தான் தலைகால் புரியாத வேகம். பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்குவார். மேல் பொத்தான் கீழ் ஓட்டையில் இருக்கும். சாப்பாடு ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொண்டு, சமைத்துப் போட்ட என்னை முறைப்பார்.

கை கால் வேகமென்றால் அவருக்குத்தான் அடிபடும். வாய் வேகம் அப்படி இல்லை. எங்கள் மகளுக்குத் தூரத்து நகரத்தில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எல்லோருக்கும் சொல்லிவிட்டு அவரிடம் கடைசியாகச் சொன்னாள். அந்தக் கோபத்தில், "போறதுன்னா போ. அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். சொல்லி முடித்ததுமே அவர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். மகள் பார்க்கவில்லை. அதற்குள் பெட்டியை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

ரோஷத்தில் அப்பனுக்குப் பெண் இளைத்தவள் இல்லை. போனவள் வரவே இல்லை. வாரம் தவறாமல் என்னிடம் போனில் பேசுவாள், "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்பாள். பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் மனிதர், நான் போனை நீட்டினால் போதும், ஏதோ தலைபோகிற வேலை வந்ததுபோல் பின்கட்டுப் பட்டறைக்கு நழுவிவிடுவார். எனக்கு அப்போது இரண்டு பேரையும் நிற்கவைத்து நாலு வைக்கலாம் போல இருக்கும்.

அவள் விட்டுவிட்டுப் போனது ஒரு செவலைக் கோழி. குஞ்சிலிருந்து அவள் வளர்த்தது. எனக்குக் கோழி என்றால் உள்ளூரப் பயம்; தீனியைத் தூரத்தில் நின்று வீசுவதோடு சரி. அந்தக் கோழி ஒருநாள் காணாமல் போய், தேடினால் பட்டறையில் ரம்ப மேஜைக்கு அடியில் மரச்சீவல் குவியலுக்குள் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் முட்டைகளைச் சேர்த்து வைத்து அடை கிடக்கிறது. கிட்டே போனால் உறுமியது. கோழி உறுமும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மேஜையடியில் கோழி இருந்தால் மின்ரம்பத்தை ஓட்ட முடியாது. மருந்துக்கடைக்காரர் கேட்ட அலமாரி பாதியில் நின்றது. "ஒரு பெட்டி செஞ்சு மாத்திட்டா முடிஞ்சுது" என்றார் இவர். மத்தியானத்துக்குள் பெட்டி தயார். என்ன பெட்டி தெரியுமா? இழைத்து வழவழப்பாக்கி, மூலைக்கு மூலை பொருத்து வைத்து, கோழியைக் கண்ணாலேயே அளவெடுத்து அதன் உடம்புக்குச் சரியாக ஒரு மாளிகை. அத்தோடு விட்டாரா? பளபளவென்று வார்னிஷும் அடித்தார். நல்ல வெயிலில், வார்னிஷ் சரியாகக் காயக்கூட இல்லை, கோழியின் இறக்கையைக் கபாலென்று பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். முட்டைகளை அடியில் தள்ளினார்.

வார்னிஷ் நெடி நமக்கே மூக்கை அடைத்தது. பெட்டிக்குள் கோழி திரும்பக்கூட இடமில்லை. அலறிக்கொண்டு வெளியே பாய்ந்து, இவர் கையில் ஒரு கொத்து கொத்திவிட்டு, நேராக ரம்ப மேஜைக்கு அடியில் ஓடியது. அங்கே வெறும் சீவல்தான் இருந்தது. அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டு, இல்லாத முட்டையை அலகால் நெஞ்சுக்கடியில் இழுத்து இழுத்து விட்டது. அதைப் பார்த்து என் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பாவமாக இருந்தது.

"முட்டை ஆறிடப் போகுதுங்க. திருப்பி வையுங்க" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் வைத்தார். அன்றிலிருந்து மின்ரம்பத்துக்கு ஓய்வு. அலமாரிப் பலகைகளை முற்றத்தில் போட்டுக் கைரம்பத்தால் அறுத்தார். தோள் வலிக்கு நான்தான் எண்ணெய் தேய்த்தேன். "மககிட்ட ஒரு வார்த்தை கேட்டா சொல்லிடுவா" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

பிறகு மழை பிடித்தது. விடாத மழை. பட்டறையின் பின்சுவர் ஓரமாகத் தண்ணீர் கசிந்து, தரையில் மெல்லப் பரவி, சாயங்காலத்துக்குள் சீவல் குவியலின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. கோழி அசையவில்லை. நனைந்தாலும் அதை விட்டு எழுந்திருக்காது என்று பார்த்தாலே தெரிந்தது. இவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவகிட்ட கேளு."

"வாய் உங்களுக்கும் இருக்குல்ல" என்று மகளின் எண்ணை அழுத்திப் போனை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மணி அடிக்க ஆரம்பித்துவிட்டதால் ஓட வழியில்லை.

"கோழி அடை கிடக்குது" என்றார், எடுத்த எடுப்பில்.

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பிறகு, "எங்க கிடக்குதுப்பா?" என்றாள்.

"ரம்ப மேஜைக்கு அடியில. தண்ணி வந்துருச்சு."

"முன்னாடி ஏதும் தூக்கிப் பாத்தீங்களா?"

"தூக்கினேன்."

"பகல்லயா?"

"ஆமா. பெட்டியும் செஞ்சேன்."

"வார்னிஷ் அடிச்சீங்களா?"

இவர் கூரையைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

"சரி, கேளுங்க. இருட்டத் தொடங்கினதும் செய்யணும். விளக்கப் போடாதீங்க. வாசனை இல்லாத பழைய பெட்டி, அது உள்ள திரும்புற அளவுக்கு. அதே சீவலையே காஞ்சதா அள்ளிப் போடுங்க. முட்டைய முதல்ல மாத்திட்டு, அது நெஞ்சுக்கு அடியில கைய விட்டு அப்படியே ஏந்துங்க. இறக்கைக்குள்ள முட்டை ஒட்டியிருக்கான்னு தடவிப் பாருங்க. வெச்சதும் சாக்கு போட்டு மூடிடுங்க. நாளைக்கு ஒரு தடவ இறக்கித் தீனி காட்டிட்டு, புது இடத்துக்கே திரும்பிப் போகுதான்னு பக்கத்துல நின்னு பாக்கணும். எல்லாமே மெதுவா. அப்பா, மெதுவான்னா உங்க மெதுவா இல்ல. நெஜ மெதுவா."

"ம்" என்றார்.

ஆணி போட்டு வைக்கும் பழைய பெட்டியைக் காலிசெய்து, காய்ந்த சீவலைப் பரப்பி, உள்ளறை மூலையில் வைத்தோம். வெளிச்சம் மங்கியதும் இவர் ஈரத்தரையில் மண்டிபோட்டார். முட்டைகளை ஒவ்வொன்றாக உருவி என் மடியில் வைத்தார். எல்லாம் கதகதவென்று இருந்தன. கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு கோழியை ஏந்த அதன் நெஞ்சுக்கு அடியில் கையை விட்டார். அது கொத்தியது. கையை எடுக்கவில்லை. மறுபடியும் கொத்தியது. அப்படியே இருந்தார். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று யாரிடமோ பேசுவதுபோல் முணுமுணுத்தார். இத்தனை வருஷத்தில் இந்த மனிதரிடம் நான் காணாத நிதானம் அது. இறக்கைக்கடியில் ஒரு முட்டை ஒட்டியிருந்தது. அதையும் பதமாக எடுத்தார். பெட்டியில் இறங்கிய கோழி உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பி, முட்டைகளைத் தனக்கடியில் சேர்த்துக்கொண்டு அமர்ந்தது.

அதன்பிறகு தினமும் போன். அவரே போடுவார். "இறங்குச்சு. தின்னுச்சு. தானா திரும்பிப் போயிருச்சு." "தண்ணி குடிச்சுதா?" "குடிச்சுது." அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள். உலகத்தில் கோழியைத் தவிர வேறு சங்கதியே கிடையாது. அவள் சாப்பிட்டாளா என்று இவர் கேட்கவில்லை, இவர் தோள்வலியை அவள் கேட்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"குஞ்சு பொரிச்சதும் பேச்சு நின்னுடும். அதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. அன்று முழுக்க ஒரே பலகையை இழைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை, பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது. இவர் பல்தேய்த்த நுரையோடு ஓடிவந்து, வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"பொரிச்சிருச்சு."

"எத்தனைப்பா?" அவள் குரல் துள்ளியது.

கோழியின் நெஞ்சுக்கடியிலிருந்து ஈரத்தலை ஒன்று எட்டிப் பார்த்தது, இன்னொன்று அசைந்தது. எண்ணிச் சொல்லியிருக்கலாம். இவர் எண்ணவில்லை.

"நீ வந்து எண்ணிக்கோ" என்றார்.

"வரலாமாப்பா?"

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அப்பவே தெரியும். சொல்லத்தான் வாய் வரல. வா, சாமி."

போனில் மகளின் விசும்பல்தான் வந்தது. வழக்கம்போல் போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அது அவர் கேட்க வேண்டிய அழுகை.